படைக்கு யார் கூலி கொடுத்தது?

1763ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் ஆற்காட்டு நவாப் முகமது அலி, கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஒரு ஜாகீர், அதாவது வரி வசூல் உரிமை, எழுதிக் கொடுத்தார். சென்னையைச் சுற்றியிருந்த செங்கல்பட்டுச் சீமை, காஞ்சிபுரம் உட்பட, அதில் அடங்கியது. நவாபை அரியணையில் நிலைநிறுத்தக் கம்பெனிப் படை பல வருடம் சண்டை போட்டிருந்தது. துப்பாக்கி, வெடிமருந்து, சிப்பாய்களின் சம்பளம், வண்டி மாடு, அரிசி எல்லாமே நவாப் பெயரில் பற்று எழுதப்பட்டிருந்தன. கையில் ரொக்கம் இல்லாத நவாப், ஊர்களின் வரியைத் தூக்கிக் கொடுத்தார். இரண்டு வருடம் கழித்து தில்லி பாதுஷா ஷா ஆலம் அதை உறுதி செய்தார்.

படைச் செலவு ஒரு நாட்டின் பொருளாதாரத்தை என்ன செய்யும் என்று கேட்டால், பாடப்புத்தகங்கள் அமெரிக்காவையோ சோவியத் ஒன்றியத்தையோ காட்டும். அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. காஞ்சிபுரம் வட்டாரம் கடந்த 260 வருடங்களில் இந்தச் செலவின் மூன்று முகங்களைப் பார்த்துவிட்டது. முதலாவது, நிலவரியையும் கடனையும் வைத்து நடந்தது. அடுத்தது, நோட்டு அடித்து நடந்தது. இன்று நடப்பது மத்திய பட்ஜெட்டிலிருந்து. தொகை பெரிதா சிறிதா என்று பார்ப்பதோடு நிறுத்தினால் இந்த மூன்றுக்கும் உள்ள வித்தியாசம் பிடிபடாது. பணம் யார் மடியிலிருந்து, எந்த வழியில் எடுக்கப்பட்டது, செலவான பிறகு எந்த ஊரில் போய்த் தங்கியது என்று தொடர்ந்து போக வேண்டும்.

காஞ்சிபுரத்திலிருந்து மேற்கே, பழைய ஆற்காட்டுத் திசையில் இருக்கிறது தாமல். தொண்டை மண்டலத்தின் 24 கோட்டங்களில் ஒன்று இந்த ஊரின் பெயரால் வழங்கியது. இன்று பெங்களூர் நெடுஞ்சாலையில் விரைகிறவர்கள் ஊரைக் கவனிக்காமல் போகலாம், ஏரி கண்ணில் படாமல் போகாது. மாவட்டத்தின் பெரிய ஏரிகளில் அது ஒன்று. பொருளாதாரக் கணக்கில் ஏரி என்பது மூலதனம், அதுவும் ஓயாமல் பராமரிப்புக் கேட்கும் மூலதனம். கரையில் எலி வளை தோண்டினால் மழைக்கு முன் அடைக்க வேண்டும். மதகின் கல் பெயர்ந்தால் மாற்ற வேண்டும். வண்டலை அள்ள வேண்டும், வரத்துக் கால்வாயைத் தூர்வார வேண்டும். ஒரு வருடம் விட்டுவிட்டால் வித்தியாசம் தெரியாது. பத்து வருடம் விட்டால் கடைமடை வயல் தரிசாகிவிடும். அதற்குப் பிறகு வரும் ஒரு பெருமழை கரையையே கொண்டுபோய்விடும்.

இந்தப் பராமரிப்புக்கு அந்தக் காலத்தில் பணம் எங்கிருந்து வந்தது? 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்ற கம்பெனிப் பொறியாளர் ஜாகீர் முழுவதையும், ஏறத்தாழ 2,000 ஊர்களை, அளந்து கணக்கெடுத்தார். ஊர்க் கணக்கர்கள் ஓலையில் எழுதிய மூலக் கணக்குகளில் ஒரு பகுதி இன்றும் இருக்கிறது. களத்தில் நெல்லை அளக்கும்போதே, சர்க்காருக்கும் குடிக்கும் பங்கு பிரிப்பதற்கு முன்னால், மேரை என்று ஒவ்வொருவருக்கும் ஒரு பகுதி ஒதுக்கியிருக்கிறார்கள். கோயிலுக்கு, ஏரிக்கு, கணக்குப்பிள்ளைக்கு, தச்சருக்கு, கொல்லருக்கு, தலையாரிக்கு. அதே வரிசையில் பாளையக்காரரின் காவலுக்கும் ஒரு பங்கு உண்டு.

ஆக, பாதுகாப்புக்கென்று ஒரு செலவு எப்போதும் இருந்தது. ஆனால் விளைச்சல் குறைந்தால் காவல்காரனின் பங்கும் சேர்ந்து குறைந்தது, அவன் வாங்கிய நெல்லும் பெரும்பாலும் அந்தச் சுற்றுவட்டாரத்திலேயே செலவானது. ஜாகீர் வரி அப்படிப்பட்டதல்ல. அது ரொக்கமாகக் கம்பெனியின் சென்னைக் கோட்டைக்குப் போக வேண்டிய தொகை. கம்பெனி 1780 வரை ஜாகீரை நவாபுக்கே குத்தகைக்கு விட்டிருந்தது. நவாப் குத்தகைதாரர்களிடம் விட்டார். நாலைந்து வருடக் குத்தகை எடுத்தவனுக்கு, இருபது வருடம் கழித்துப் பலன் தரும் மதகுக் கல்லில் காசு போட என்ன அவசியம்?

நவாபின் கடனோ வளர்ந்துகொண்டே போனது. கம்பெனிக்குத் தர வேண்டிய தவணைக்காக, கம்பெனி ஊழியர்களிடமே தனிப்பட்ட முறையில் வட்டிக்கு வாங்கினார். 1777இல் அவருடைய குதிரைப்படைக்குப் பெரிய சம்பளப் பாக்கி விழுந்தது. பாக்கியைத் தீர்த்துப் படையைக் கலைத்துவிடலாம் என்று சொல்லி, சென்னையிலிருந்த ஊழியர்கள் சிலர் 1,60,000 பவுன் அளவுக்குப் பொறுப்பேற்றார்கள். ஈடாகச் சில சீமைகளின் வரி வசூல் அவர்கள் கைக்கு வந்தது. வரலாற்றில் இதற்குக் ‘குதிரைப்படைக் கடன்’ என்றே பெயர். படையைக் கலைக்க வாங்கிய கடன், படை கலைந்த பிறகும் குடியானவனின் களத்தில் வசூலானது.

1785 பிப்ரவரி 28 அன்று லண்டன் நாடாளுமன்றத்தில் எட்மண்ட் பர்க் நவாபின் கடன்களைப் பற்றி நீண்ட உரை ஒன்று நிகழ்த்தினார். கடன்பத்திரங்களுக்கு நடுவே அவர் நம்முடைய ஏரிகளைப் பற்றிப் பேசினார் என்பது பலருக்குத் தெரியாது. அன்று கர்நாடகம் என்று அழைக்கப்பட்ட நவாபின் நாட்டின் செல்வம் முழுக்க இந்த ஏரிகளில் இருக்கிறது, அவற்றைச் செப்பனிடத்தான் பணம் தேவை, வட்டிக்காரர்களுக்கு முன்னுரிமை தருவது கொடுமை என்பது அவர் வாதம். அவர் ஆதரித்த தீர்மானம் தோற்றது. வருடத்துக்கு 12 லட்சம் வராகன் கடனுக்காக ஒதுக்கப்பட்டது. பிற்காலத்தில் ஒரு விசாரணைக் குழு நவாப் பெயரில் இருந்த மற்றக் கடன்களை உட்கார்ந்து சரிபார்த்தபோது, மூன்று கோடி பவுனுக்கு மேல் உரிமை கோரி வந்த பத்திரங்களில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறவில்லை.

இதற்கிடையே 1780 வந்துவிட்டிருந்தது. அந்த ஜூலையில் மைசூரின் ஐதர் அலி படையெடுத்தார். செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் புள்ளலூரில் கர்னல் பெய்லியின் கம்பெனிப் படை நொறுங்கியது. காஞ்சிபுரத்தில் முகாமிட்டிருந்த கம்பெனித் தளபதி ஹெக்டர் மன்றோ, கனத்த பீரங்கிகளைக் கோயில் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்குப் பின்வாங்கினார். சுற்றிலும் ஊர்கள் எரிந்தன, பஞ்சம் வந்தது, குடிகள் ஓடினார்கள். பதினேழு வருடமாக எந்தப் படைக்காக வரியெல்லாம் போனதோ, அந்தப் படை வரி கொடுத்த ஊர்களைக் காப்பாற்றவில்லை. 1794இல் கலெக்டராக வந்த லயனல் பிளேஸ், உடைந்த ஏரிகளைச் செப்பனிடுவதையே தன் முதல் வேலைகளில் ஒன்றாக வைத்துக்கொண்டார். மதுராந்தகத்து ஏரி காத்த ராமர் கதையில் வரும் பிளேஸ் துரை இவர்தான். கதை இருக்கட்டும், தள்ளிப்போட்ட பராமரிப்பைப் பிற்பாடு செய்யும்போது செலவு பல மடங்காகும்.

பொருளாதார அறிஞர்கள் இதை முதலீட்டை நெட்டித் தள்ளுவது என்பார்கள். அரசு படைக்காகப் பணத்தை இழுக்கும்போது முதலில் அடிபடுவது சாப்பாட்டுச் செலவல்ல. இன்று விட்டாலும் நாளைக்குத்தான் வலி தெரியும் என்ற வகைச் செலவுகள் முதலில் வெட்டப்படும்: ஏரி, சாலை, பள்ளிக்கூடம். அதனால்தான் அந்த இழப்பு அந்தந்த வருடக் கணக்கில் தெரிவதே இல்லை.

இரண்டாவது முகம் இரண்டாம் உலகப் போரின்போது நெசவாளர் வீட்டுக்குள் வந்தது. தோட்டா ஒன்றும் விழவில்லை, பட்டு வரவில்லை.

பட்டுக்கும் போருக்கும் என்ன சம்பந்தம்? பட்டிழை எடை குறைவு, இழுவிசை அதிகம், திடீரென்று வெட்டி இழுத்தால் கொஞ்சம் நீண்டு கொடுக்கும். பாராசூட் விரியும்போது துணிமேல் விழும் அதிர்ச்சியைத் தாங்க இந்தக் குணம் வேண்டும். பெரிய பீரங்கிகளுக்கு வெடிமருந்து நிரப்பும் பைகளையும் கழிவுப் பட்டில் செய்தார்கள். பருத்திப் பை எரிந்தால் குழலுக்குள் தணல் மிஞ்சி அடுத்த குண்டைப் போடும்போதே வெடிக்கும் ஆபத்து உண்டு. பட்டு மிச்சமில்லாமல் எரிந்துவிடும். உலகத்துக்கே பட்டு விற்ற ஜப்பான் 1941 இறுதியில் எதிரி நாடாகிவிட்டதால், நேச நாடுகளின் பார்வை மைசூர், காஷ்மீர், வங்காளப் பட்டின்மேல் விழுந்தது. காஞ்சிபுரத்தின் பட்டு மைசூரிலிருந்தும், அப்போது கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்த கொள்ளேகாலத்திலிருந்தும் வந்துகொண்டிருந்தது. அதே பட்டுக்கூட்டுக்கு இப்போது போர்த் துறையும் விலை கேட்டது.

காஞ்சிபுரம் தறியில் ஒரு பாவு ஏற்றினால் பொதுவாக மூன்று சேலை வரும். பாவு முடியும் நேரத்தில் புதுப் பாவின் ஒவ்வோர் இழையையும் பழைய பாவின் முனையோடு விரலால் திரித்துப் பிணைப்பார்கள். ஆயிரக்கணக்கான இழைகள். குனிந்த தலை நிமிராமல் செய்ய வேண்டிய வேலை. அடுத்த பாவுக்குப் பட்டு வராவிட்டால் பிணைக்க எதுவுமில்லை. அச்சில் பழைய முனைகள் தொங்க, தறி நிற்கும். சேலைக்கு இத்தனை என்று கூலி வாங்கும் நெசவாளிக்குத் தறி நின்றால் வருமானம் பூஜ்யம். முதலாளியோ கையிருப்புப் பட்டின் விலை ஏறுவதைப் பார்த்துக்கொண்டு காத்திருக்கலாம்.

கூலி கிடைத்தவர்களுக்கும் அது போதவில்லை. அதற்குக் காரணம் பம்பாயில் இருந்தது. 1939 நவம்பரில் லண்டனும் தில்லியும் செய்துகொண்ட ஏற்பாட்டின்படி, இந்தியா தன் வழக்கமான ராணுவச் செலவையும் தன் சொந்தப் பாதுகாப்புக்கான போர்ச் செலவையும் ஏற்க வேண்டும். மீதியை பிரிட்டன் தரும். கேட்க நியாயமாக இருக்கிறது. பிரிட்டன் பணத்தைப் பொருளாகத் தரவில்லை, லண்டனில் ஸ்டெர்லிங் கணக்கில் வரவு வைத்தது. இங்கே அரிசி, துணி, மரம், தோல், கூலி எல்லாவற்றுக்கும் அன்றன்றைக்கு ரூபாய் வேண்டும். பம்பாயில் இருந்த ரிசர்வ் வங்கி அந்த ஸ்டெர்லிங் பத்திரங்களை ஆதாரமாக வைத்து நோட்டு அடித்தது. போர் தொடங்கியபோது சுமார் 180 கோடி ரூபாயாக இருந்த நோட்டுப் புழக்கம், போர் முடிந்தபோது 1,200 கோடியைத் தொட்டிருந்தது. சந்தைக்கு வந்த பண்டமோ குறைந்திருந்தது. மொத்த விலைகள் இரண்டு மடங்குக்கு மேல் ஏறின.

விலைவாசி உயர்வு எல்லோரையும் ஒரே மாதிரி தாக்கும் என்று நினைப்பது பெரிய தவறு. புது நோட்டு முதலில் யார் கைக்குப் போகிறதோ அவர் பழைய விலையில் வாங்குவார். ராணுவத்துக்குச் சரக்குக் கொடுக்கும் கான்ட்ராக்டர், அவருக்குச் சரக்குக் கொடுக்கும் வியாபாரி, பிறகு தொழிற்சாலைத் தொழிலாளி. கடைசியாக அந்த நோட்டு நெசவாளியிடமோ விவசாயக் கூலியிடமோ வந்து சேர்வதற்குள் அரிசி விலை ஏறி முடிந்திருக்கும். சட்டசபையில் நிறைவேறாத, ரசீது இல்லாத ஒரு வரி இது. பம்பாய்ப் பொருளியலாளர் சி.என். வகீல் அந்த நேரத்திலேயே இதை எழுதி எச்சரித்தார். இதன் உச்சக்கட்ட விளைவை வங்காளம் அனுபவித்தது. 1943 பஞ்சத்தில் ஏறத்தாழ 30 லட்சம் பேர் இறந்தார்கள். நாட்டில் அரிசி அடியோடு இல்லாமல் போனதால் அல்ல, போர்ச் செலவு கிளப்பிவிட்ட விலைக்கு ஈடுகொடுக்க முடியாதவர்கள் சந்தையிலிருந்து தள்ளப்பட்டதால்தான் அது நேர்ந்தது என்று அமர்த்திய சென் 1981இல் விரிவாக நிறுவினார். சாகடித்தது செலவின் அளவு மட்டுமல்ல, அதற்குப் பணம் திரட்டிய முறையும்தான்.

போர் முடிந்தபோது பிரிட்டன் இந்தியாவுக்குக் கடன்பட்டிருந்தது, ஏறத்தாழ 1,700 கோடி ரூபாய். அந்தக் கையிருப்புதான் சுதந்திர இந்தியாவின் முதல் வருடங்களில் இயந்திரமும் தானியமும் இறக்குமதி செய்ய உதவியது. பட்டினி கிடந்தவர் ஒருவர், சேமிப்பு இன்னொருவருடையது. பட்டுத் தொழிலும் போர் முடிந்ததும் அடிபட்டது. பாராசூட்டுக்கு நைலான் வந்துவிட்டதால் போர்க்காலக் கிராக்கி ஒரே மூச்சில் காணாமல் போனது. தடுமாறிய தொழிலைத் தூக்கி நிறுத்த 1948இல் சட்டம் கொண்டுவந்து மத்திய பட்டு வாரியத்தை அமைத்தார்கள்.

1962 சீனப் போரின் செலவு வேறொரு மூலையில் போய் விழுந்தது. ராணுவச் செலவு தேசிய வருமானத்தில் சுமார் 2 சதவீதத்திலிருந்து கிட்டத்தட்ட 4 சதவீதத்துக்கு ஏறியது. அந்நியச் செலாவணியைக் காக்க 1963 ஜனவரியில் நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய் தங்கக் கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தார். 14 காரட்டுக்கு மேல் நகை செய்யக் கூடாது என்றார்கள். பொன்னாசாரிகளின் பட்டறைகள் அணைந்தன. நாடு முழுவதும் எத்தனையோ குடும்பங்கள் தொழிலை விட்டன, தற்கொலைகளும் நடந்தன. இமயமலைச் சண்டைக்கான விலையில் ஒரு பகுதியைத் தெற்கே உலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள் கட்டினார்கள்.

அப்படியானால் ராணுவச் செலவு எப்போதும் நாசம்தானா? 1973இல் அமெரிக்கப் பொருளியலாளர் எமில் பெனுவா 44 வளரும் நாடுகளை ஆராய்ந்து எல்லோரையும் திகைக்க வைத்தார். 1950 முதல் 1965 வரை ராணுவத்துக்கு அதிகம் செலவழித்த நாடுகள் வேகமாகவும் வளர்ந்திருந்தன. ராணுவம் இளைஞர்களுக்குத் தொழில் கற்றுத்தருகிறது, சாலை போடுகிறது என்றார் அவர். பின்னால் வந்தவர்கள் கணக்கைப் பிரித்துப் பார்த்தார்கள். அந்த நாடுகளில் பலவற்றுக்கு வெளிநாட்டு உதவி கொட்டியிருந்தது. வளர்ச்சிக்கும் ராணுவத்துக்கும் பணம் ஒரே இடத்திலிருந்து வந்திருந்தது. உதவியைக் கழித்தால் நல்ல பலன் மங்கிவிட்டது. இன்றைக்கும் ஒரே விடை இல்லை. வேலையில்லாக் கைகளும் சும்மா கிடக்கும் ஆலைகளும் உள்ள நாட்டில் ராணுவச் செலவு பொருளாதாரத்தைத் தூண்டிவிடலாம். எல்லாக் கைகளும் வேலையில் இருக்கும்போது அது வேறு வேலையிலிருந்துதான் ஆளைப் பிடுங்கும்.

இலங்கையைப் பார்த்தால் இன்னொரு சிக்கல் தெரியும். 2009இல் உள்நாட்டுப் போர் முடிந்தும் படை சுருங்கவில்லை. தென்பகுதிக் கிராமங்களில் ராணுவச் சம்பளம் குடும்பங்களின் நிலையான வருமானமாகிவிட்டிருந்தது; அதைக் குறைக்க எந்த அரசுக்கும் மனம் வரவில்லை. பொருளாதாரம் திவாலான பிறகு, 2023 ஜனவரியில்தான் இரண்டு லட்சம் பேர் கொண்ட தரைப்படையை 2030க்குள் ஒரு லட்சமாகக் குறைப்பதாக அறிவித்தார்கள். சமாதானம் வந்து ஏறத்தாழ பதினான்கு வருடம் கழித்து.

இனி மூன்றாவது முகம், மத்திய பட்ஜெட் கணக்கு. 2025-26 மத்திய பட்ஜெட்டில் பாதுகாப்பு அமைச்சகத்துக்கு 6.81 லட்சம் கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. மத்திய அரசின் மொத்தச் செலவில் ஏறத்தாழ 13.5 சதவீதம், நாட்டின் மொத்த உற்பத்தியோடு ஒப்பிட்டால் 2 சதவீதத்துக்குச் சற்றுக் கீழே. இதில் 1.6 லட்சம் கோடி ஓய்வூதியம். புது ஆயுதம், விமானம், கப்பல் வாங்குவது உள்ளிட்ட மூலதனச் செலவு 1.8 லட்சம் கோடி. மீதியில் பெரும்பகுதி சம்பளமும் அன்றாடப் பராமரிப்பும்.

ஒவ்வொரு பகுதியும் வேறு வேறு ஊருக்குப் பயணம் செய்கிறது. வேலூர் மாவட்டத்தில் கம்மவான்பேட்டை என்று ஓர் ஊர். வீட்டுக்கு ஒருவராவது ராணுவத்தில் என்று சொல்லுமளவுக்குப் பெயர் பெற்றது. அங்கே வரும் ஓய்வூதியம் ஊர் மளிகைக் கடையிலும் கொத்தனார் கூலியிலும் பள்ளிக் கட்டணத்திலும் செலவாகிறது. ஒரு கைக்கு வந்த ரூபாய் நாலு கை மாறுகிறது. தாமலுக்கு அதிகத் தொலைவில்லாத அரக்கோணத்தில் 1992 மார்ச்சில் தொடங்கிய ராஜாளி கடற்படை விமானத்தளம் வேறு ரகம். அங்கிருந்து பறக்கும் பி-8ஐ கண்காணிப்பு விமானங்களில் முதல் எட்டை 2009இல் போயிங்கிடம் சுமார் 210 கோடி டாலருக்கு வாங்கினார்கள். இந்துமாக்கடலில் நீர்மூழ்கிகளைத் தேட அவை தேவையா என்றால், தேவைதான். அந்தப் பணத்தின் பெரும்பகுதி முதல் கையிலேயே நாட்டைவிட்டுப் போய்விட்டது என்பதும் உண்மை. ஒரு பகுதியை இந்தியாவில் முதலீடாகவோ கொள்முதலாகவோ திருப்ப வேண்டும் என்ற நிபந்தனை இருந்ததற்குக் காரணமே இந்தக் கசிவுதான்.

சென்னைக்குப் பக்கத்திலிருக்கும் ஆவடி இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. 1961இல் நிறுவப்பட்ட கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 1965 டிசம்பரில் முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. 2021 செப்டம்பரில் 118 அர்ஜுன் எம்கே-1ஏ டாங்கிகளுக்கு 7,523 கோடி ரூபாய் ஆர்டர் கிடைத்தபோது, 200க்கு மேற்பட்ட இந்திய நிறுவனங்களுக்கு வேலை வரும், சுமார் 8,000 பேருக்கு வாய்ப்பு என்று பாதுகாப்பு அமைச்சகம் சொன்னது. 2019 ஜனவரியில் தொடங்கிய தமிழ்நாட்டுப் பாதுகாப்புத் தொழில் வழித்தடம் சென்னை, கோவை, ஓசூர், சேலம், திருச்சி ஆகிய ஐந்து ஊர்களை முனைகளாகக் கொண்டது. காஞ்சிபுரம் மாவட்டத்திலேயே, ஸ்ரீபெரும்புதூர் வல்லம் வடகாலில், டிரோன் சோதனை மையம் ஒன்றும் இதன் பகுதியாகத் திட்டமிடப்பட்டது. லேத் பட்டறை வைத்திருக்கும் சிறு முதலாளிக்கு இது நல்ல செய்தி. மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு துல்லியம் கேட்கும் ஆர்டரை முடித்துக் கொடுத்துப் பழகியவர், அதே கையால் மருத்துவக் கருவிக்கும் பாகம் செய்ய முடியும். பெனுவா சொன்னதில் உயிரோடு இருக்கும் பகுதி இதுதான்.

ஆனால் அர்ஜுனின் இதயமான இன்ஜின் ஜெர்மானிய எம்டியு நிறுவனத்துடையது. டாங்கியில் விலை கூடிய உறுப்புகளில் ஒன்று வெளியே இருந்து வரும்வரை, ஆர்டரின் ஒரு கணிசமான பங்கு ஆவடியைத் தாண்டிப் போகும். 1,500 குதிரைத்திறன் கொண்ட உள்நாட்டு டாங்கி இன்ஜினை 2024 மார்ச் 20 அன்று மைசூரில் பெமல் நிறுவனம் முதன்முறையாக இயக்கிப் பார்த்தது. சோதனையில் ஓடுவதற்கும், ராஜஸ்தான் மணலில் ஆயிரம் டாங்கிகளில் ஓடுவதற்கும் இடையே பல வருட வேலையும் பெரும் பணமும் இருக்கின்றன. அந்தப் பணத்தையும் யாராவது ஒருவர் கட்டத்தான் வேண்டும். பாகம் செய்து கொடுத்த பட்டறைக்காரருக்கு 45 நாளுக்குள் பட்டுவாடா ஆக வேண்டும் என்று 2006ஆம் ஆண்டின் சிறு, குறுந்தொழில் சட்டம் சொல்கிறது. ஆயிரக்கணக்கான கோடியில் பேசப்படும் ஒரு திட்டம் ஓசூரிலும் ஆவடியிலும் நிலைக்குமா என்பது, அந்த 45 நாள் உண்மையில் எத்தனை நாளாகிறது என்பதையும் பொறுத்திருக்கிறது.